நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை

தக்காணத்தின் பழைய நகரம் ஒன்றில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியில், கட்டமைப்புப் பொறியியல் முதுநிலை முதலாண்டு படித்த மாணவி ஒருவர் தமது கருத்தரங்கக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், காற்றினால் தொங்கு பாலங்களில் எழும் அதிர்வு. அந்தப் பொருளின்மீது அவருக்குத் தனி ஈடுபாடு ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 நவம்பர் 7ஆம் நாள் டகோமா நேரோஸ் பாலம் முறுகி முறுகி விழும் காட்சியைப் பொறியியல் மாணவர் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். படம் இருக்கிறது, பாடநூலில் ஒரு பத்தி இருக்கிறது, இரண்டு மாலைப் பொழுதில் கட்டுரை முடிந்துவிடும் என்பது கணக்கு.

கணக்கு தப்பவில்லை. இரண்டு மாலைகளில் கட்டுரை முடிந்தது. காற்றின் அதிர்வெண் பாலத்தின் இயல் அதிர்வெண்ணோடு பொருந்தியது, ஒத்ததிர்வு உண்டானது, வீச்சு பெருகியது, பாலம் விழுந்தது. பாலத்தின்மேல் படைவீரர்கள் காலடி ஒத்து நடக்கக் கூடாது என்ற பழைய உவமையும் சேர்ந்துகொண்டது. இளநிலை இயற்பியல் பாடநூல், விடுதித் தோழி தந்த வகுப்புக் குறிப்பு, இணையத்தில் கிடைத்த விளக்கவுரை, செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த சுருக்கம் ஆகிய நான்கும் ஒரே செய்தியைச் சொன்னதால் மாணவிக்கு ஐயம் எழவில்லை. நான்கும் ஒரே இடத்திலிருந்து கைமாறி வந்தவையாக இருக்கலாம் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? செயலி தன் சுருக்கத்தின் அடியில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றையும் மேற்கோளாகக் காட்டியிருந்தது. அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் பற்றிய கட்டுரை இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட அனுபவம் இல்லாத ஆய்வாளர் இன்று அரிது.

வழிகாட்டிப் பேராசிரியர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: “ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய். ஓர் எண்கூட இல்லையே?” இருபது ஆண்டுகளாக அதே ஒத்ததிர்வுப் பாடத்தை, அதே காட்சியைத் திரையில் போட்டு நடத்தி வருபவர் அவர். கட்டுரையின் கருத்தில் அவருக்கு மாறுபாடு இல்லை. எண் இல்லை என்பதுதான் குறை.

எண் வேண்டுமென்றால் அளக்கலாம். மாணவி காணொளியை ஓடவிட்டு, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பாலத்தின் முறுக்கு அதிர்வை எண்ணினார். நிமிடத்துக்கு 18 முறை. அதாவது 0.3 ஹெர்ட்ஸ். தாமே அளந்த எண் என்பதில் சிறிய பெருமையும் இருந்தது. அதற்கு ஒப்பாக வேறொரு நூலிலிருந்து ஓர் எண்ணைக் காட்டிவிட்டால் கட்டுரை முழுமை பெறும் என்றே நூலகத்துக்குப் போனார். அதுவரை அந்த நூலகம் அவருக்கு மின்விசிறி ஓடும் படிப்பறை மட்டுமே.

கணினிப் பட்டியலில் ‘டகோமா’ என்று தட்டினார். ஒன்றும் இல்லை. ‘ஒத்ததிர்வு’ என்று தட்டியபோது மின்சுற்றுகளைப் பற்றிய நூல்கள் வரிசையாக வந்தன. பல மாணவர்கள் நூலகத்தை விட்டுத் திரும்பும் இடம் இதுதான். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்ற முடிவுக்கு வர இரண்டே சொற்கள் போதும். நூற்பட்டியல் ஒரு நூலின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் அறிந்திருக்கும் கருவி அன்று. நூலின் பெயரையும், ஆசிரியரையும், நூலகர் அதற்கு இட்ட பொருள் தலைப்பையும் மட்டுமே அறிந்தது. அறுநூறு பக்க நூலில் நாற்பது பக்கம் டகோமாவைப் பற்றி இருந்தாலும் பட்டியலில் அந்தப் பெயர் வராது. தேடுபவர் தம் பொருளைவிட ஒரு படி அகலமான பெயரைச் சொல்ல வேண்டும்.

ஓய்வுக்கு ஓராண்டே மீதமிருந்த துணை நூலகர் மேசையில் உட்கார்ந்திருந்தார். மாணவி தேவையைச் சொன்னதும், “பேட்டா, இதை அளந்தவர் யார்?” என்று கேட்டார்.

“நானே அளந்தேன், சார்.”

“நீ படத்தை அளந்தாய். பாலத்தை அளந்தவர் யார்?”

மாணவியிடம் மறுமொழி இல்லை. நூலகர் ஒரு துண்டுத் தாளில் நான்கு சொற்றொடர்களை எழுதிக் கொடுத்தார்: தொங்கு பாலங்கள், காற்றுச் சுமை, காற்றியக்க நிலைப்பு, கட்டமைப்புகளின் இயக்கவியல். அவற்றின் கீழே 624 என்ற எண். டூயி பகுப்பில் குடிசார் பொறியியலின் எண் அது, பாலங்கள் 624.2இல் தொடங்கும், காற்றுச் சுமை 624.175. “பட்டியலைப் பார்த்து ஒரு நூலை எடு. பிறகு பட்டியலை மறந்துவிட்டு அதன் இருபுறமும் இருப்பவற்றைப் பார்” என்றார்.

திறந்த அலமாரி உள்ள நூலகத்தில்தான் இந்த அறிவுரை செல்லும். கேட்ட நூலை ஊழியர் உள்ளே போய் எடுத்து வந்து தரும் நூலகத்தில் பக்கத்து நூல் என்ற ஒன்றே இல்லை. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி இரங்கநாதன், திறந்த அலமாரிக்காக அவ்வளவு வாதாடியதன் பொருள் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் விளங்கும். ஒரே பொருளின் நூல்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தேடுபவருக்குத் தெரியாத பெயர்களும் அவற்றுள் இருக்கின்றன. மாணவி எடுக்கப் போனது பாலங்களைப் பற்றிய பாடநூல் ஒன்றை. கையில் வந்தது சிமியுவும் ஸ்கேன்லனும் எழுதிய ‘விண்ட் எஃபெக்ட்ஸ் ஆன் ஸ்ட்ரக்சர்ஸ்’, முதற்பதிப்பு 1978. அதன் பின்பக்கச் சுட்டியில் டகோமா இருந்தது.

இன்னொன்றும் அன்றே புலப்பட்டது. அந்த நூலில் டகோமாவைப் பேசும் பக்கங்களில் ஒத்ததிர்வு என்ற சொல் மைய இடத்தில் இல்லை. வேறு சொற்கள் இருந்தன: தன்னூக்க அதிர்வு, எதிர்மறைத் தணிப்பு, ஃபிளட்டர். மூன்றாவது சொல் விமான இறக்கையின் அதிர்வைக் குறிக்க வானூர்திப் பொறியாளர்கள் வழங்கியது. பிறகு பாலத்துக்கு வந்தது. ஒரு துறையின் சொற்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை சட்டை மாற்றிக்கொள்கின்றன. 1940களின் கட்டுரைகளில் ‘காற்றியக்க நிலைப்பு’ என்று இருப்பது பின்னாளில் ‘காற்று மீள்மையியல்’ என்று வருகிறது. இன்றைய சொல்லை மட்டும் தட்டித் தேடுபவருக்கு இன்றைய கட்டுரைகள் மட்டுமே கிடைக்கும். ஒரு பொருளின் பழைய பெயர்களை அறியக் கைந்நூல்களும் கலைக்களஞ்சியங்களும் உதவுகின்றன. அவற்றை மேற்கோள் காட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பவர்கள், அவற்றை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்.

பழைய பெயர்கள் கையில் இருந்தால் சுட்டிகள் பேசத் தொடங்கும். பொறியியல் கட்டுரைகளுக்கான ‘இன்ஜினியரிங் இண்டெக்ஸ்’ 1884இல் ஒரு சங்கத்தின் இதழில் மாதந்தோறும் வந்த சிறிய பகுதியாகத் தொடங்கியது. இன்று அது காம்பெண்டெக்ஸ் என்ற தரவுத்தளம். அதற்குச் சந்தா கட்டும் கல்லூரிகள் பல உண்டு. தங்கள் கல்லூரி கட்டுகிறது என்பதை அறிந்த மாணவர்கள் குறைவு. மாணவியின் கல்லூரியில் சந்தா இல்லை. ஆனால் அடித்தளத்தில் பழைய இண்டெக்ஸின் அச்சுத் தொகுதிகள் சில இருந்தன. ‘பாலங்கள், தொங்கு’ என்ற தலைப்பின் கீழ் 1941ஆம் ஆண்டுக்குரிய பக்கங்களைப் புரட்டியபோது, ஒரு பாலம் விழுந்ததும் ஒரு தொழில் முழுவதும் எப்படிப் பதறியது என்பது வெறும் கட்டுரைத் தலைப்புகளிலேயே தெரிந்தது.

ஆனால் வேண்டிய எண் சுட்டியில் இல்லை. சிமியு–ஸ்கேன்லன் நூலின் மேற்கோள் பட்டியலில்தான் அதற்கு வழி இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பொறியியல் ஆய்வு நிலையத்தின் 116ஆம் வெளியீடு. ஃபார்க்கர்சன் என்ற பேராசிரியரின் பொறுப்பில் 1949 முதல் 1954 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. “அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் இத்தகைய வெளியீடுகளைப் பரிமாற்றமாக அனுப்பும், நம்மிடம் ஒரு பகுதியாவது இருக்கும்” என்றார் நூலகர். அவை நூற்பட்டியலில் ஏற்றப்படவில்லை. கணினி ‘இல்லை’ என்று சொன்னது பட்டியலைப் பற்றி மட்டுமே. அடித்தளத்தில் இரண்டு நாள் தூசு தட்டியபின் முதற்பகுதி கிடைத்தது. பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருந்த தேதித்தாளில் கடைசி முத்திரை 1987.

ஃபார்க்கர்சன் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். 1940 ஜூலை 1 அன்று திறந்த நாள்முதலே பாலம் ஆடிக்கொண்டிருந்தது. அதை அடக்கும் வழியைக் காணச் சிறிய மாதிரிகளை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தவர் அவர். பக்கவாட்டுத் தகட்டு உத்திரத்தில் துளைகள் இடலாம், அல்லது காற்று வழுவிச் செல்ல வளைதகடு பொருத்தலாம் என்ற முடிவுக்கு அவர் வந்த சில நாட்களிலேயே பாலம் விழுந்தது. விழுந்த அன்று அவர் பாலத்தின்மேல் நின்றிருந்தார். காருக்குள் சிக்கிய நாயை மீட்க முயன்று முடியாமல் திரும்பியவர்களுள் ஒருவர். அந்த விபத்தின் ஒரே உயிர்ப்பலி அந்த நாய்.

அவரது பதிவின்படி, அன்று காலை தளம் நிமிடத்துக்கு 36 முறைக்கு மேல் செங்குத்தாக அலையடித்துக்கொண்டிருந்தது. பத்து மணி அளவில் வடக்கு வடத்தின் நடுப்பட்டை நழுவியது. அலையாட்டம் திடீரென்று முறுக்காட்டமாக மாறியது. முதலில் நிமிடத்துக்கு 14 முறை, பின்னர் 12 முறை. காற்றின் வேகம் மணிக்கு 42 மைல்.

பன்னிரண்டு. மாணவி அளந்தது பதினெட்டு.

முதலில் தம் எண்ணிக்கையின்மீதுதான் ஐயம் வந்தது. விடுதியில் தோழியை உட்காரவைத்து, தாம் எண்ணியதைச் சொல்லாமல், எண்ணச் சொன்னார். பதினெட்டு. வேறொரு காணொளி, அதிலும் பதினெட்டு. நேரில் நின்று பார்த்த பேராசிரியர் தவறாக எண்ணியிருப்பாரா? அச்சுப் பிழையா? கட்டுரையில் எந்த எண்ணை எழுதுவது என்ற கேள்வி, எந்தச் சாட்சியை நம்புவது என்ற கேள்வியாக மாறிவிட்டது. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது, தமக்கு வசதியான எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது. மாணவியும் ஓர் இரவு அப்படி நினைத்ததுண்டு. பதினெட்டை எழுதினால் கேட்பவர் யாருமில்லை. காணொளி எல்லார் கையிலும் இருக்கிறது.

மறுநாள் காலை இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது விகிதம் கண்ணில் பட்டது. சரியாக ஒன்றரை. பிழையில் பிறந்த வேறுபாடு இவ்வளவு முழுமையாக வருவதில்லை. ஒன்றரை என்பது 24க்கும் 16க்கும் உள்ள விகிதமும் ஆகும். அந்தக் காலத்து 16 மில்லிமீட்டர்க் கையடக்கப் படக்கருவிகள் பல நொடிக்கு 16 சட்டங்கள் எடுத்தன. பேசும்படக் கருவி நொடிக்கு 24 சட்டங்கள் ஓட்டும். மெதுவாக எடுத்ததை விரைவாக ஓட்டினால் பன்னிரண்டு பதினெட்டாகத் தெரியும்.

இது உண்மையாயின் வேறு யாரேனும் கண்டிருப்பார்களா என்பதை அறிய இம்முறை மாணவி எதிர்த்திசையில் தேடினார். ஒரு நூலின் மேற்கோள் பட்டியல் பின்னோக்கி அழைத்துச் செல்லும். அந்த நூலைப் பிற்காலத்தில் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல் முன்னோக்கி அழைத்துச் செல்லும். முன்னோக்கிய தேடலில் 2015ஆம் ஆண்டின் ‘தி பிசிக்ஸ் டீச்சர்’ கட்டுரை வந்தது. ஆல்சனும் அவரது உடனாய்வாளர்களும் இதே வேறுபாட்டைக் கண்டு, படம் 16 சட்டத்தில் எடுக்கப்பட்டு 24 சட்டத்தில் மாற்றப்பட்டதே காரணம் என்று நிறுவியிருந்தார்கள். உலகமெங்கும் வகுப்பறைகளில் ஓடும் படம் பாலத்தை ஒன்றரை மடங்கு விரைவாக ஆட்டிக்கொண்டிருக்கிறது. மாணவிக்கு மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. தனக்கு முன்பே ஒருவர் வந்துபோன காலடியைக் கண்டவருக்கு வரும் ஏமாற்றம் அது. ஆய்வு மாணவர்கள் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் கட்டுரையின் அடித்தளமே ஆடத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேற்கோள்களில் 1991ஆம் ஆண்டின் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ கட்டுரை ஒன்று இருந்தது. எழுதியவர்கள் பில்லாவும் அதே ஸ்கேன்லனும். இயற்பியல் பாடநூல்கள் டகோமாவை ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது பொருந்தாது என்பதே கட்டுரையின் பொருள். அவர்கள் போட்ட கணக்கு மிக எளியது. மாணவியே மீண்டும் போட்டுப் பார்த்தார். தடையொன்றைக் கடக்கும் காற்று அதன் பின்னே சுழல்களை உதிர்த்துச் செல்கிறது. காற்றின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர், தகட்டு உத்திரத்தின் உயரம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர், அந்த வடிவத்துக்குரிய ஸ்ட்ரூஹல் எண் 0.11. வேகத்தை உயரத்தால் வகுத்து 0.11ஆல் பெருக்கினால் சுழல்கள் உதிரும் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 0.85. பாலம் முறுகியதோ நொடிக்கு 0.2 முறை. நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு. எதுவும் எதனோடும் ஒத்திசையவில்லை.

அப்படியானால் பாலத்தை ஆட்டியது எது? ஒத்ததிர்வில் வெளிவிசைக்குத் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. பொருள் அசைந்தாலும் அசையாவிட்டாலும் விசை வந்து தட்டிக்கொண்டிருக்கும். டகோமாவில் நடந்தது வேறு. சீரான காற்றில் தளம் சிறிது முறுகியது. முறுகிய தளத்தின்மேல் காற்றழுத்தத்தின் பகிர்வு மாறியது. மாறிய அழுத்தம் முறுக்கத்தை மேலும் தூண்டியது. அசைவே தன்னை வளர்க்கும் விசையைப் பிறப்பித்தது. அசைவு நின்றால் அந்த விசையும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து தளம் வாங்கிய ஆற்றல், தணிப்பால் இழந்த ஆற்றலைவிட மிகுந்திருந்தது. 853 மீட்டர் நடுக்கண். அகலம் 12 மீட்டருக்கும் குறைவு. உத்திரத்தின் உயரம் 2.44 மீட்டர். அந்த நாடாவுக்கு முறுக்கத்தைத் தடுக்கும் விறைப்பு இல்லை.

பொறியாளருக்கு இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. ஒத்ததிர்வு என்று நம்புபவர் அதிர்வெண்களை விலக்கி வைத்தால் போதும் என்று நினைப்பார். தன்னூக்கம் என்று அறிந்தவர் தளத்தின் குறுக்கு வடிவத்தையும் முறுக்கு விறைப்பையும் மாற்றுவார். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்ப்பார். வரைபடமே மாறும்.

பழைய மூலம் என்பதற்காக எல்லாவற்றையும் வணங்கவும் வேண்டியதில்லை. விபத்தை ஆய்ந்து 1941 மார்ச்சில் அறிக்கை தந்த குழுவில் மூவர்: ஒத்மார் அம்மான், தியோடர் வான் கார்மான், க்ளென் உட்ரஃப். சுழல் ஒத்ததிர்வு முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று அந்த அறிக்கையே சொல்லிவிட்டது. ஐம்பதாண்டுப் பாடநூல்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. ஆயினும், அம்மான் வடிவமைத்து 1939இல் திறந்த பிராங்க்ஸ்–வைட்ஸ்டோன் பாலமும் தகட்டு உத்திரப் பாலமே. அதுவும் காற்றில் ஆடியது. பிறகு சட்டக உத்திரங்கள் சேர்த்து விறைப்பூட்டப்பட்டது. அறிக்கையை எழுதியவரின் கையிலும் ஆடும் பாலம் ஒன்று இருந்தது என்பதை அறிந்து படிப்பவர், வடிவமைப்பாளரைக் குறை சொல்லாமல் அடங்கிய குரலில் பேசும் அதன் பத்திகளை வேறு வகையில் படிப்பார்.

மாணவியை மிகவும் நிலைகுலையச் செய்தது இந்த வழியில் கடைசியாகக் கிடைத்த ஒன்று. விபத்துக்கு நான்கு மாதம் கழித்து, 1941 மார்ச் 13 அன்று, ‘இன்ஜினியரிங் நியூஸ்-ரெக்கார்ட்’ இதழில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபின்ச் ஒரு கட்டுரை எழுதினார். காற்றில் விழுந்த பழைய தொங்கு பாலங்களின் வரலாறு அது. 1836இல் இங்கிலாந்தின் பிரைட்டன் சங்கிலித் துறை காற்றில் சிதைந்தது. நேரில் கண்ட ரீட் என்ற படை அதிகாரி அதை வரைந்து வைத்தார். அந்த வரைபடத்தில் தளம் டகோமாவைப் போலவே முறுகி நிற்கிறது. 1854இல் ஒஹையோ ஆற்றின்மேல் இருந்த வீலிங் தொங்கு பாலம், 1010 அடிக் கண், புயற்காற்றில் அலையடித்து முறுகி விழுந்தது. இவை மறைக்கப்பட்ட செய்திகள் அல்ல. நூலகத்தில் இருந்தன. பாலங்கள் மேலும் மேலும் மெலிந்து நீண்டுகொண்டிருந்த 1930களில், ஆறுகளுக்குக் குறுக்கே கோடிக்கணக்கான டாலர் கொட்டியவர்கள் நூறாண்டுக்கு முந்தைய அலமாரிக்குப் போகவில்லை. காற்றின் நிலையான தள்ளுவிசையை அவர்கள் கவனமாகக் கணக்கிட்டார்கள். தளத்தைக் காற்று ஆட்டும் என்பது யாருடைய மேசையிலும் இல்லை.

ஏனைய வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்தியத் தரநிலைகளைத் தர அமைவனத்தின் தளத்தில் இப்போது விலையின்றித் தரவிறக்கலாம். காற்றுச் சுமைக்குரியது ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. கட்டமைப்பின் முதல் இயல் அதிர்வெண் 1 ஹெர்ட்சுக்குக் குறைவாக இருந்தால் இயக்க விளைவுகளை ஆராய வேண்டும் என்கிறது அது. ஏன் என்று சொல்வதில்லை. சொல்வது தரநிலையின் வேலையும் அன்று. அந்த ‘ஏன்’ ஆய்வேடுகளில் கிடைக்கும். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் படித்தால், ஒருவர் பல ஆண்டுகளாகத் தேடிய மேற்கோள்கள் ஒரு மாலையில் கைக்கு வரும். இல்லாத நூலுக்கு டெல்நெட் வழியாக வேறு நூலகத்திலிருந்து இரவல் கேட்கலாம். 2025 முதல் நடுவணரசின் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன, பெரிய வாய்ப்பு. ஆயினும் 1949இன் பரிமாற்ற வெளியீடு எந்தச் சந்தாவிலும் வராது. அதற்குத் தூசுதான் சந்தா.

ஒரு பழக்கத்தை மட்டும் விரித்துச் சொல்லத் தகும். நூலகரின் யோசனைப்படி மாணவி கோடிட்ட குறிப்பேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி வைத்தார்: எண், அதை அளந்தவர், அளந்த ஆண்டு, அளந்த கருவி, தாம் படித்த பக்கம். ‘அளந்தவர்’ என்ற கட்டம் காலியாக இருந்த எண்களை வட்டமிட்டார். முதல் வரைவில் இருந்த கூற்றுகளை அதே கட்டத்தில் நிரப்ப முயன்றபோது ஏறக்குறைய எல்லாமே வட்டத்துக்குள் விழுந்தன. கூகிளில் தேடிப் பெற்ற செய்தியையும் நூலகத்தில் தேடிப் பெற்ற செய்தியையும் இடத்தை வைத்துப் பிரிப்பது பயனற்றது. அந்தக் கட்டம் நிரம்பியதா என்பதே கேள்வி. 1941ஆம் ஆண்டு அறிக்கையின் மின்படி இணையத்தில்தான் அவருக்குக் கிடைத்தது.

பிறகு, பேராசிரியரைப் பார்க்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுப் பாடத்தைத் தவறு என்று ஒரு முதலாண்டு மாணவி போய்ச் சொல்வது எளிதன்று. அகமதிப்பெண் அவர் கையில் இருக்கிறது என்பது ஒருபுறம், அவர் நல்லாசிரியர் என்பது இன்னொருபுறம். பின்னதுதான் மாணவியை அதிகம் தயங்க வைத்தது. மூன்று ஜெராக்ஸ் படிகளையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போனார். ஒத்ததிர்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சார், நீங்கள் கேட்ட எண் கிடைத்தது. ஆனால் இரண்டு கிடைத்திருக்கிறது” என்று மட்டும் தொடங்கினார்.

பேராசிரியர் 12, 18 என்ற இரண்டையும் பார்த்தார். விகிதத்தை அவரே சொன்னார். படச்சட்டத்தின் விளக்கத்தைக் கேட்டதும் சிரித்தார். பில்லா–ஸ்கேன்லன் கட்டுரைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. ஏழு பக்கத்தையும் மாணவியை உட்காரவைத்துக்கொண்டே படித்தார். ஒரு சமன்பாட்டின் அருகில் பென்சிலால் கேள்விக்குறி இட்டார். தளத்தின் முறுக்கமும் ஓர் இயல் வடிவில்தானே நடந்தது, அகன்ற பொருளில் ஒத்ததிர்வு என்றால் என்ன பிழை என்று வாதாடினார். வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. விசை எங்கிருந்து வருகிறது என்பதே வேறுபாடு என்று மாணவி 1991ஆம் ஆண்டுக் கட்டுரையின் பத்தி ஒன்றைக் காட்டினார். நெடுநேரம் பேச்சில்லை. கட்டுரையில் ‘பாடநூல்களின் தவறு’ என்று இருந்ததை ‘பாடநூல்களின் எளிமைப்படுத்தல்’ என்று மாற்றச் சொன்னார். மாணவி தலைப்பில் மாற்றினார், உள்ளே மாற்றவில்லை. அதை அவர் கவனித்தாரா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்பது தெரியவில்லை.

அந்த வாரம் 116ஆம் வெளியீட்டின் முதற்பகுதியைத் திருப்பித் தர மாணவி நூலகத்துக்குப் போனபோது, துணை நூலகர் அதை அலமாரிக்கு அனுப்பவில்லை. வேறொருவர் முன்பதிவு செய்திருந்தார். தேதித்தாளில் 1987க்குக் கீழே மாணவியின் முத்திரை. அதற்குக் கீழே அன்றைய தேதியில் இன்னொன்று, ஆசிரியர்களுக்குரிய ஊதா மையில்.